ஒரு கப் தேன் எத்தனை கிராம்?

சமையலறையில் இருக்கும் எண்ணெய் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். '1 லிட்டர்' என்று பெரிதாகவும், பக்கத்திலேயே '910 கிராம்' என்று சிறிதாகவும் அச்சிட்டிருப்பார்கள். ஒரு லிட்டர் எண்ணெய் ஒரு கிலோ தேறாது என்ற விஷயம் தினமும் நம் கையில் புழங்குகிற பாக்கெட்டிலேயே இருக்கிறது. தேன் பாட்டிலில் அப்படி இரண்டு எண்கள் இருப்பதில்லை. 250 கிராம், 500 கிராம், 1 கிலோ என்று எடை மட்டும்தான். அந்த இன்னொரு எண்ணையும் போட்டிருந்தால் போன வருடம் நான் செய்த ஒரு கேக் பிழைத்திருக்கும்.

சமையல் குறிப்பில் 200 கிராம் தேன் என்று இருந்தது. வீட்டில் அப்போது தராசு கிடையாது. கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்று இருந்தது. 200 என்று எழுதிய கோடு வரைக்கும் தேனை ஊற்றினேன். தண்ணீர் 200 மில்லி என்றால் 200 கிராம்தானே, தேன் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான் என்று ஒரு நினைப்பு. இருபதாவது நிமிடம் கேக்கின் மேல்புறம் கருப்பட்டி நிறத்துக்கு வந்துவிட்டது. கத்தியை விட்டுப் பார்த்தால் நடுவில் அல்வா. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் தெரிந்தது: கோடு வரை ஊற்றிய தேன் 284 கிராம். கேட்டதைவிட 84 கிராம் அதிகம்.

அந்த 284 எங்கிருந்து வந்தது? ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம். ஒரு மில்லி எண்ணெய் 0.91 கிராம். ஒரு மில்லி தேன் சுமார் 1.42 கிராம். 200ஐ 1.42ஆல் பெருக்கினால் 284. தேனுக்கு இவ்வளவு கனம் வரக் காரணம் அதில் கரைந்து கிடக்கும் சர்க்கரை. நூறு கிராம் தேனில் தண்ணீர் 17, 18 கிராம்தான் இருக்கும். ஃபிரக்டோஸ் 38 கிராம் அளவுக்கும் குளுக்கோஸ் 31 கிராம் அளவுக்கும் இருக்கும். மீதியிலும் பெரும்பகுதி வேறு சர்க்கரைகளே. இத்தனையும் கொஞ்சம் தண்ணீருக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. சீனிப் படிகம்கூட தேனைவிடக் கனமான பொருள்தான். ஆனால் ஒரு கப் சீனியை நிறுத்தால் 200 கிராம்தான் வரும். அரிசி மாதிரி அதிலும் மணிக்கு மணி இடையில் காற்று. தேனில் அந்த இடைவெளி இல்லை.

சரி, மில்லியை 1.42ஆல் பெருக்கினால் கிராம் வந்துவிடும், கிராமை 1.42ஆல் வகுத்தால் மில்லி வந்துவிடும், இதற்கு ஒரு கட்டுரையா என்று கேட்கலாம். பெருக்குவது சுலபம். எதைப் பெருக்குவது என்பதில்தான் வம்பு.

'ஒரு கப்' என்று எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று முதலில் பார்க்க வேண்டும். அமெரிக்கக் கப் 236.6 மில்லி. உணவுப் பாக்கெட்டின் ஊட்டச்சத்து அட்டவணையில் அதையே 240 என்று முழு எண்ணாக்கி வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியக் கப் 250 மில்லி. ஜப்பானில் சமையலுக்கு 200 மில்லி கப். நம் வீடுகளில் ரைஸ் குக்கரோடு வருகிற கப் பெரும்பாலும் 180 மில்லி. கடையில் நாலு கப் கொண்ட பிளாஸ்டிக் செட் வாங்கினால், அதன் காதில் 250 என்றும் இருக்கலாம், 240 என்றும் இருக்கலாம். யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இதையெல்லாம் தேனாக மாற்றினால், அமெரிக்கக் கப்புக்கு 336 கிராம், 250 மில்லி கப்புக்கு 355, ஜப்பானியக் கப்புக்கு 284, குக்கர் கப்புக்கு 256. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணை ஒரு கப் தேனை 339 கிராம் என்கிறது. பேக்கிங் புத்தகங்களில் 336 முதல் 340 வரை எதுவும் இருக்கும். அந்த நாலு கிராமுக்காகச் சண்டை போட வேண்டாம். அமெரிக்கக் குறிப்பென்றால் 340 என்று வைத்துக்கொள்ளலாம். அரைக் கப் 170, கால் கப் 85, மூன்றில் ஒரு பங்கு 113. இந்த எண்கள் மனதில் நிற்கும்.

நம் ஊரிலும் பழைய கணக்கு கொள்ளளவுதான். நெய்யும் எண்ணெயும் ஆழாக்கு, உழக்கு, நாழி என்று அளக்கப்பட்டன. சர்க்கரையைப் பலம் என்ற பழைய எடைக் கணக்கில் நிறுத்தார்கள். ஆழாக்கு என்பது சுமார் 168 மில்லி என்று ஒரு கணக்கு உண்டு. ஊருக்கு ஊர் மாறும். அந்த ஆழாக்கில் எண்ணெய் 153 கிராம் பிடிக்கும், தேன் 239 கிராம் பிடிக்கும். பாத்திரம் ஒன்றுதான். உள்ளே போவதைப் பொறுத்துத்தான் எடை.

அமெரிக்கர்கள் ஏன் இன்றைக்கும் கப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்குப் பெரிய கதை உண்டு. அதில் ஒரு பெயரைச் சொல்லாமல் விட முடியாது: ஃபேனி ஃபார்மர். பாஸ்டன் சமையற்பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். 1896இல் வந்த அவருடைய சமையல் புத்தகம் கப்பையும் ஸ்பூனையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று அடித்துச் சொன்னது. அதற்கு முன்பு 'முட்டை அளவு வெண்ணெய்', 'ஒரு தேநீர்க் கோப்பை மாவு' என்றெல்லாம் எழுதிக்கொண்டிருந்தார்கள். அது பெரிய முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. மாவைத் தலைதட்டலாம், சீனியைத் தலைதட்டலாம். தேனை எப்படித் தலைதட்டுவது? கத்தியை ஓட்டினால் பாதி கத்தியோடு போகும். ஸ்பூனில் எடுத்தால் விளிம்புக்கு மேலே உருண்டையாகத் திரண்டு நிற்கும். முறையைக் கண்டுபிடித்தவரின் மனதில் இருந்தது மாவு. தேனை அதே கப்பில் ஊற்றியது நாம்.

கப்பைவிடப் பெரிய குழி ஸ்பூனில் இருக்கிறது. 'ஒரு டேபிள்ஸ்பூன்' என்றால் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. முதலாவதில் தேன் 21 கிராம், இரண்டாவதில் 28 கிராம். நாலு டேபிள்ஸ்பூன் போடச் சொன்னால் 84 கிராமா, 114 கிராமா? ஒரு குறிப்பில் கப் 250 மில்லி என்று இருந்தால் டேபிள்ஸ்பூன் 20 மில்லியாக இருக்குமோ என்று ஒருமுறை சந்தேகப்படுவது நல்லது. டீஸ்பூன் மட்டும் எங்கேயும் 5 மில்லி. தேன் 7 கிராம். (நம் புத்தகங்களில் வரும் 'தேக்கரண்டி'யின் 'தே' தேநீரின் தே, தேனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தேன் அளக்கும் கரண்டி என்று நான் சிறுவயதில் நம்பிக்கொண்டிருந்தேன்.)

சாப்பாட்டு மேசையில் கிடக்கும் ஸ்பூனுக்கோ எந்தச் சட்டமும் இல்லை. எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஸ்பூன்களில் தண்ணீர் ஊற்றி நிறுத்துப் பார்த்தேன். ஒன்றில் 8 கிராம், இன்னொன்றில் 12. தேன் என்றால் 11 கிராமும் 17 கிராமும். 'ஒரு ஸ்பூன் தேன்' என்று சொல்கிறவர் எதைச் சொல்கிறார் என்று அவருக்கே தெரியாது.

அவுன்ஸில் இன்னொரு குழப்பம். அமெரிக்காவில் அவுன்ஸ் எடையாகவும் உண்டு, திரவ அளவாகவும் உண்டு. எட்டுத் திரவ அவுன்ஸ் சேர்ந்தால் ஒரு கப். அங்கே கரடி உருவத்தில் வரும் தேன் பாட்டிலில் '12 அவுன்ஸ்' என்று போட்டிருக்கும். அது எடை, 340 கிராம். அதாவது ஒரு கரடி, ஒரு கப். இந்த ஒரு வாக்கியம் தெரிந்தால் அமெரிக்கக் குறிப்புகளில் பாதி சிக்கல் தீர்ந்தது. 12ஐப் பார்த்துவிட்டு ஒன்றரைக் கப் என்று எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இதே கணக்கு கடையிலும் கைகொடுக்கும். 500 கிராம் தேன் பாட்டிலை அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் பக்கத்தில் வைத்தால் தேன் பாட்டில் குட்டியாகத் தெரியும். ஏமாற்றுகிறார்களோ என்று தோன்றும். இல்லை, 500 கிராம் தேனுக்கு 352 மில்லி இடம் போதும். ஒரு கிலோ தேன் 704 மில்லி. மலைப்பாதை ஓரங்களில் பழைய 750 மில்லி பாட்டிலில் நிரப்பி விற்பார்கள் அல்லவா, அது கழுத்து வரை இருந்தால் உள்ளே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேயே இருக்கும். ஒருவர் லிட்டர் 700 ரூபாய் என்கிறார், இன்னொருவர் கிலோ 550 என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். யாரிடம் வாங்குவது லாபம்? லிட்டர் 700 என்றால் கிலோ 493 ரூபாய்தான் ஆகிறது. முதலாமவரிடமே வாங்கலாம், தேன் தேனாக இருந்தால்.

இத்தனை கப்பும் ஸ்பூனும் சரியாகத் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அளந்த தேன் முழுவதும் மாவுக்குள் போகிறதா? ஒட்டிக்கொள்கிறதே! டேபிள்ஸ்பூனில் தேனை நிரப்பி, பாத்திரத்தில் கவிழ்த்து, பத்து எண்ணிவிட்டு ஸ்பூனை நிறுத்துப் பார்த்தேன். மூன்று கிராம் ஸ்பூனிலேயே இருந்தது. 21இல் மூன்று என்றால் ஏழில் ஒரு பங்கு. விரலால் வழித்து விடுகிறவருக்கும் விடாதவருக்கும் கேக் வேறு வேறாகத்தான் வரும். இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. குறிப்பில் எண்ணெயும் தேனும் இரண்டும் இருந்தால் எண்ணெயை முதலில் அளந்துவிட்டு, அதே கப்பில் தேனை ஊற்றுவது. வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கப்பில் அளந்தே தீர வேண்டும் என்றால் இதுதான் வழி.

ஆனால் சில நூறு ரூபாய்க்கு எலெக்ட்ரானிக் தராசு கிடைக்கிற காலம் இது. கேக் கருகிய அந்த வாரமே ஒன்று வாங்கினேன். கிண்ணத்தைத் தராசில் வைத்து, பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யமாக்கி, மேலேயிருந்து தேனை ஊற்றுவதுதான் எல்லோரும் செய்வது. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: 195 காட்டும்போது பாட்டிலை நிமிர்த்தினாலும் நூலாக இறங்கிக்கொண்டே இருந்து 204இல் போய் நிற்கும். தராசும் ஒரு நொடி தாமதமாகத்தான் எண்ணை மாற்றுகிறது. மாவில் விழுந்ததைத் திருப்பி எடுக்கவும் முடியாது.

அதனால் நான் தலைகீழாகச் செய்கிறேன். கிண்ணத்தை விட்டுவிட்டு, தேன் பாட்டிலையே தராசில் வைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் 0. பாட்டிலை எடுத்து மாவில் கொஞ்சம் ஊற்றி, மறுபடி தராசில் வைத்தால் -120 என்று காட்டும். பாட்டிலிலிருந்து வெளியே போனது 120 கிராம் என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் ஊற்றி வைத்தால் -185. கடைசியாக ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு, -200. இதில் கப் இல்லை, ஸ்பூன் இல்லை, கழுவ வேண்டிய பாத்திரமும் இல்லை. பாட்டில் கழுத்தில் வழிந்து நிற்கும் தேன்கூடப் பாட்டிலோடு சேர்ந்தே நிறுக்கப்படுவதால் கணக்கில் பிசகு வராது. நெய், கண்டன்ஸ்டு மில்க், வேர்க்கடலை பட்டர் என்று ஒட்டுகிற எதற்கும் இதே முறை பொருந்தும்.

தராசில் உள்ள ஒரு பொத்தானைப் பற்றி எச்சரிக்க வேண்டும். பலவற்றில் கிராம், அவுன்ஸ் பக்கத்தில் 'மில்லி' என்றும் ஒரு தேர்வு இருக்கும். சிலவற்றில் தண்ணீர்ச் சொட்டுப் படமும் பால் படமும் இருக்கும். தராசுக்குத் தெரிந்தது எடை ஒன்றுதான். மேலே இருப்பது தண்ணீர் என்று நினைத்துக்கொண்டு எடையையே மில்லியாகக் காட்டுகிறது. தேனை வைத்து அந்தப் பொத்தானை அழுத்தினால் 200 மில்லி தேனை 284 மில்லி என்று கூசாமல் சொல்லும். தேனுக்கு அந்தப் பொத்தான் இல்லை என்றே நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி எல்லோரும் முதலில் கேட்கும் கேள்வி. 'தேனுக்குத் தேன் அடர்த்தி மாறாதா? மலைத்தேன் வேறு, பெட்டித்தேன் வேறு இல்லையா?' மாறும். அதைத் தீர்மானிப்பது பூ அல்ல, மலை அல்ல, பெரும்பாலும் தண்ணீர்தான். பூவிலிருந்து தேனீ கொண்டுவரும் மதுவில் தண்ணீரே அதிகம். கூட்டில் அதைப் பரப்பி, இறக்கையால் விசிறி விசிறித் தண்ணீரை வற்றவைத்து, போதும் என்ற பதம் வந்ததும் மெழுகால் அறையை மூடிவிடும். மூடிய அறையிலிருந்து எடுத்தால் கெட்டித் தேன். மூடுவதற்கு முன்பே அவசரப்பட்டு எடுத்தால் நீர்த்த தேன். காற்றில் ஈரம் அதிகமுள்ள இடத்தில் தேனீ எவ்வளவு விசிறினாலும் ஓரளவுக்கு மேல் வற்றாது.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பக்கத்துத் தேன் இதற்கு நல்ல உதாரணம். அங்கே பெட்டிகளில் வளர்ப்பது பெரும்பாலும் நம் இந்தியத் தேனீ. முக்கிய மகசூல் ரப்பர் தோட்டங்களிலிருந்து. ரப்பர் மரத்தில் தேனீக்கு மது கிடைப்பது பூவிலிருந்து அல்ல. பழைய இலையெல்லாம் உதிர்ந்து, ஆண்டின் தொடக்கத்தில் புது இலை துளிர்க்கும்போது இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளில் மது கசியும். அதுதான் ரப்பர்த் தேன். அதில் தண்ணீர் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுவது அதிசயமில்லை. அதனால்தான் புளிக்காமல் இருக்கச் சூடாக்கி வற்றவைக்கிறார்கள். கொசுத்தேனீயின் தேன் இன்னும் நீர்த்தது, கால் பங்கு வரைகூடத் தண்ணீர் போகும்.

இதெல்லாம் சமையல் கணக்கை எவ்வளவு மாற்றும்? 20 டிகிரி வெப்பத்தில், 13 சதவீதம் தண்ணீர் உள்ள கெட்டித் தேனின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரைப்போல எத்தனை மடங்கு கனம் என்ற எண், 1.446. தண்ணீர் 18 சதவீதமானால் 1.417. 21 சதவீதமானால் 1.395. கடைக்கோடியிலிருந்து கடைக்கோடிக்கு ஒரு அமெரிக்கக் கப்பில் 12 கிராம் வித்தியாசம். கொசுத்தேனையும் சேர்த்தால் 20 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கொசுத்தேனைக் கப்பில் அளந்து கேக்கில் ஊற்றுகிற பணக்காரரை நான் இதுவரை பார்த்ததில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் தேனில் 20 சதவீதத் தண்ணீரை உச்சவரம்பாக வைத்திருக்கின்றன. 27 டிகிரியில் ஒப்படர்த்தி குறைந்தது 1.35 இருக்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆக, கடைத்தேனுக்கு 1.42 என்று வைத்தால் சமையலில் பழுது வராது. நீர்த்த தேன் என்று தெரிந்தால் 1.40 வைத்துக்கொள்ளலாம்.

எல்லோரும் பயப்படுவது எந்தத் தேன் என்பதற்கு. அதனால் வரும் பிசகு மூன்று, நாலு சதவீதம். அமெரிக்கக் கப்பா, 250 மில்லி கப்பா என்று பார்க்காமல் விட்டால் ஐந்தாறு சதவீதம். ஸ்பூனில் ஒட்டியதை விட்டால் பதினைந்து. ஆஸ்திரேலிய ஸ்பூனை மறந்தால் முப்பதுக்கு மேல். மில்லியைக் கிராம் என்று நினைத்தால் நாற்பத்திரண்டு. நான் விழுந்தது கடைசிக் குழியில். பெரும்பாலானவர்கள் விழுவதும் அங்கேதான்.

வெப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பத்து டிகிரி சூடு ஏறினால் தேனின் அடர்த்தி அரை சதவீதம் அளவுக்குத்தான் குறையும், மறந்துவிடலாம். மாறுவது ஓட்டம். சென்னையில் மே மாதம் தண்ணீர் மாதிரி ஓடுகிற தேன், ஊட்டியில் டிசம்பரில் கவிழ்த்தாலும் யோசித்துக்கொண்டு நிற்கும். உறைந்து வெள்ளையாகப் படிகம் கட்டிய தேனைக் கப்பில் அடைத்தால் இடையிடையே காற்று புகுந்துகொள்ளும். அங்கே கப் கணக்கு சுத்தமாக உதவாது. எடைக்கு இந்தக் கவலை இல்லை. உறைந்திருந்தாலும் உருகியிருந்தாலும் 100 கிராம் 100 கிராம்தான்.

வீட்டுத் தேனின் அடர்த்தியை நீங்களே பார்க்கலாம். சின்ன டம்ளர் ஒன்றைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். துடைத்துக் காயவைத்துவிட்டு அதே விளிம்பு வரை தேன். என் டம்ளரில் தண்ணீர் 162 கிராம், தேன் 229. வகுத்தால் 1.41. குதூகலமாக இருந்தது. ஆனால் இதை வைத்து 'என் தேனில் தண்ணீர் இத்தனை சதவீதம்' என்று சொல்லக் கிளம்பினால் தப்பு. தராசு ஒரு கிராம் பிசகினாலே தண்ணீர்க் கணக்கு கிட்டத்தட்ட ஒரு சதவீதம் தள்ளிப் போய்விடும்.

சுத்தமான தேனா என்று பார்ப்பதற்கும் இது உதவாது. டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் நேரே அடிக்குப் போய் உட்கார வேண்டும், அதுதான் நல்ல தேன் என்று ஒரு சோதனையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறோம். அடிக்குப் போவது தண்ணீரைவிடக் கனம் என்பதால். உடனே கரையாதது கெட்டியாக இருப்பதால். நூற்றுக்கு எண்பது பங்கு சீனி கரைந்த கெட்டிப் பாகின் அடர்த்தியும் 1.41தான். அதுவும் அதே அழகோடு அடியில் போய் உட்காரும். தண்ணீர் கலந்த தேனை வேண்டுமானால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். பாகு கலந்ததைக் காட்டாது.

எடைக்கு மாறியதும் எனக்குக் கிடைத்த பெரிய லாபம் வேறு ஒன்று. சீனிக்குப் பதில் தேன் போடுவது பற்றி அமெரிக்கக் குறிப்புகளில் சில விதிகள் உண்டு. ஒரு கப் சீனிக்கு முக்கால் கப் தேன். போடுகிற ஒவ்வொரு கப் தேனுக்கும் குறிப்பிலுள்ள பால், தண்ணீரில் கால் கப்பைக் குறை. கால் முதல் அரை டீஸ்பூன் சமையல் சோடா சேர். அடுப்புச் சூட்டை 25 ஃபாரன்ஹீட், அதாவது 14, 15 செல்சியஸ் குறை. கப்பில் பார்க்கும்போது ஏதோ மந்திரம் மாதிரி இருக்கும். கிராமில் எழுதிப் பார்த்தால் மந்திரம் கழன்றுவிடும்.

ஒரு கப் சீனி 200 கிராம். முக்கால் கப் தேன் 255 கிராம். அதில் சர்க்கரைகளும் மற்ற திடப்பொருள்களும் நூற்றுக்கு 82 வீதம் 209 கிராம். கிட்டத்தட்ட 200க்கு 200. மீதி 46 கிராம் தண்ணீர். ஒரு முழுக் கப் தேனில், 340இல் 18 சதவீதம், 61 கிராம் தண்ணீர். கால் கப் தண்ணீர் எவ்வளவு? 59 கிராம். தேனோடு ஓசியில் வருகிற தண்ணீரைத்தான் பாலில் கழிக்கச் சொல்கிறார்கள். இது புரிந்துவிட்டால் விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். எத்தனை கிராம் சீனியோ அதை 0.82ஆல் வகுத்தால் தேன். அந்தத் தேனில் 18 சதவீதத்தைப் பாலில் குறைத்தால் சரி. 100 கிராம் சீனிக்கு 122 கிராம் தேன், 22 கிராம் பால் கம்மி. சோடா எதற்கென்றால், தேன் புளிப்புள்ள பொருள். நாக்குக்குத் தெரியாது, மாவுக்குத் தெரியும். சூட்டைக் குறைப்பது, ஃபிரக்டோஸும் குளுக்கோஸும் சீனியைவிடச் சீக்கிரம் சிவக்கும் என்பதால். என் கேக்கில் கூடுதலாக விழுந்த 84 கிராமில் 69 கிராம் இந்த வகைச் சர்க்கரை, 15 கிராம் தண்ணீர். மேலே கருகியதற்கு முதலாவது காரணம், நடுவில் அல்வா ஆனதற்கு இரண்டும் சேர்ந்து காரணம்.

உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று சீனியை விட்டுத் தேனுக்கு மாறியவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. கிராமுக்குக் கிராம் பார்த்தால் தேனில் கலோரி குறைவுதான்: 100 கிராம் தேனில் 304, சீனியில் 387. ஆனால் யாரும் கிராமில் போடுவதில்லை, ஸ்பூனில் போடுகிறார்கள். ஒரு டீஸ்பூன் சீனி 4 கிராம், 16 கலோரி. ஒரு டீஸ்பூன் தேன் 7 கிராம், 21 கலோரி. 'ஒரு ஸ்பூன் சீனிக்குப் பதில் ஒரு ஸ்பூன் தேன்' என்று மாற்றினால் ஏறத்தான் செய்யும். தேன் அதிகம் இனிக்கிறது என்று ஸ்பூனைக் குறைத்தால்தான் கணக்கு நேராகும்.

எல்லாவற்றுக்கும் தராசைத் தூக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து தேன் விடுகிறவருக்கு நாக்கு போதும். தினைமாவு உருண்டைக்கு, கையில் பிடித்தால் நிற்கிற பதம் வரும்வரை விட்டுக்கொண்டே போகலாம். அங்கே அளவுகோல் உள்ளங்கைதான். ஹனி சில்லி பொட்டேட்டோவில் பத்து கிராம் கூடினால் யாரும் அழப்போவதில்லை. கேக், பிரெட், குக்கி, கிரனோலா பார் என்று அடுப்புக்குள் போய்க் கதவை மூடிக்கொள்கிறவற்றுக்குத்தான் இந்தக் கணக்கு. பேக்கரியில் செந்நிற ஜாமும் தேங்காய்த் துருவலும் போட்டுத் தருகிற ஹனி கேக்கில் பல இடங்களில் ஊறியிருப்பது சீனிப்பாகுதான். அதை அவர்கள் மக்கில் மொண்டு ஊற்றுவார்கள். பள்ளிக்கூட வாசலில் வாங்கித் தின்ற தேன் மிட்டாய்க்கோ கணக்கே வேண்டாம். அதில் தேனே கிடையாது.